சமய வெறுப்புச் சம்பவமொன்றை ஜெனீவா வரை கொண்டு செல்வது எப்படி: பதிவு முதல் பதில் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

"பல ஆண்டுகளாக எங்கள் வழிபாட்டுக்கு இடையூறு செய்கிறார்கள், கேட்பாரில்லை" என்று தொடங்கும் மனு எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், ஐ.நா. மனித உரிமைப் பொறிமுறைகள் இயங்கும் ஜெனீவாவில் அதைக் கையிலெடுக்கும் அலுவலர் அதை வைத்து எந்த அரசிடமும் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது. எந்த நாள், எந்த இடம், வந்தவர்கள் யார், எந்த உத்தரவைக் காட்டினார்கள், என்ன செய்தார்கள், பொலிஸார் அப்போது எங்கே நின்றார்கள் என்பவை இருந்தால் ஒரே பக்கம் போதும். சமயச் சகிப்பின்மையைச் சர்வதேச அளவில் கண்காணிக்கும் பொறிமுறைகள் எவற்றுக்கும் படையும் இல்லை, சிறையும் இல்லை. அவை கடிதம் எழுதுகின்றன, கேள்வி கேட்கின்றன, கேட்டதையும் கிடைத்த பதிலையும் வெளியிடுகின்றன. அந்தக் கடிதத்தின் வலிமை, ஊரில் இருந்தவர் எழுதி வைத்த பதிவின் வலிமையைத் தாண்டுவதில்லை. இந்த வழிகாட்டி அந்தப் பதிவை உருவாக்குபவருக்கானது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இலங்கையிலிருந்து வருகின்றன. இந்தியா, மலேசியா, ஐரோப்பா ஆகிய இடங்களில் வழி மாறும்போது அதையும் ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

முதற்படி: எந்த உரிமை மீறப்பட்டது என்பதைத் தெளிவாக்குதல்

1948ஆம் ஆண்டின் மனித உரிமைகள் உலகப் பிரகடனத்திலும், 1966இல் ஏற்கப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்த குடியியல் அரசியல் உரிமைகள் சர்வதேச உடன்படிக்கையிலும் சமய, நம்பிக்கைச் சுதந்திர உரிமை ஒரே எண்ணில், 18ஆம் உறுப்புரையாக, இடம்பெற்றிருக்கிறது. 1981 நவம்பர் 25 அன்று ஐ.நா. பொதுச் சபை ஏற்ற பிரகடனம், வழிபாட்டிடம் அமைத்தல், சமய நூல்களை வெளியிடுதல், பண்டிகைகளைக் கொண்டாடுதல், சமயக் கல்வி கற்பித்தல் என அந்த உரிமையின் கூறுகளை விரித்துரைத்தது. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் மனித உரிமைகள் குழு 1993இல் வெளியிட்ட 22ஆம் பொதுக் கருத்துரை, கடவுளை ஏற்பவர், ஏற்காதவர், எந்தச் சமயத்தையும் சாராதவர் ஆகிய அனைவரையும் இந்த உறுப்புரை பாதுகாக்கிறது என்று தெளிவாகக் கூறுகிறது. ஆகவே பகுத்தறிவாளர் ஒருவர் தம் கருத்துக்காகத் தாக்கப்பட்டால், அதுவும் இதே கோப்பில்தான் சேரும்.

இந்த உரிமைக்கு இரு பகுதிகள் உண்டு. ஒருவர் மனத்துள் நம்புவதும், அந்த நம்பிக்கையை மாற்றிக்கொள்வதும் முதற்பகுதி. அதன்மீது எந்த அரசும் எந்தக் காரணத்துக்காகவும் கட்டுப்பாடு விதிக்க முடியாது. வழிபடுதல், ஊர்வலம் செல்லுதல், கற்பித்தல், அடக்கம் செய்தல் போன்ற வெளிப்பாடுகள் இரண்டாம் பகுதி. இவற்றைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் கட்டுப்பாடு சட்டத்தில் வகுக்கப்பட்டிருக்க வேண்டும், பொதுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம், பிறரது அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுள் ஒன்றைக் காப்பதற்காக இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்கு உண்மையிலேயே அவசியமானதாகவும் இருக்க வேண்டும். 'தேசியப் பாதுகாப்பு' இந்தப் பட்டியலில் இல்லை என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகள் அதிகம் சொல்லும் காரணம் அதுதான்; கருத்துச் சுதந்திரம் பற்றிய உறுப்புரையில் இருக்கும் அந்தச் சொல் இந்த உறுப்புரையில் எழுதப்படவில்லை.

இந்தச் சோதனை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, கொவிட் காலத்து ஜனாஸா (முஸ்லிம்களின் இறந்த உடல்) எரிப்பைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம்மிடம் இல்லை. 2020 ஏப்ரலில் இலங்கை அரசு வர்த்தமானி (அரசிதழ்) மூலம் கொவிட் தொற்றால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. வர்த்தமானி வெளியானதால் 'சட்டத்தில் வகுக்கப்பட்டது' என்ற முதல் நிபந்தனை நிறைவேறியது. சுகாதாரம் ஏற்கத்தக்க நோக்கம் என்பதால் இரண்டாவதும் நிறைவேறியது. விழுந்தது மூன்றாவதில்: அடக்கம், தகனம் ஆகிய இரண்டையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அனுமதித்திருந்தபோது, ஒன்றை மட்டும் கட்டாயமாக்குவது அவசியமா என்ற கேள்விக்கு விடை இருக்கவில்லை. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களில் பலரும் "இது எங்கள் மனத்தைப் புண்படுத்துகிறது" என்று மட்டும் எழுதியிருந்தால், அரசு அனுதாபம் தெரிவித்துவிட்டு அகன்றிருக்கும். "இந்தக் கட்டுப்பாடு அவசியமானதல்ல" என்று எழுதும்போது அரசு அறிவியல் சான்றைக் காட்டியாக வேண்டும். உங்கள் சம்பவத்தையும் இந்த மூன்று கேள்விகளுக்குள் வைத்துப் பார்த்து, எது விழுகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த உரிமை மனிதருக்கு உரியது, சமயத்துக்கு உரியதல்ல. ஒரு சமயம் விமர்சிக்கப்பட்டது என்பது தன்னளவில் 18ஆம் உறுப்புரையின் மீறல் ஆகாது. 'சமயங்களை அவமதித்தல்' என்ற கருத்தை மையமாகக் கொண்ட தீர்மானங்கள் 1999 முதல் ஐ.நா.வில் கொண்டுவரப்பட்டு வந்தன. 2011 மார்ச்சில் மனித உரிமைகள் பேரவை (அரசுகள் அமரும் ஐ.நா. மன்றம்; மேலே சொன்ன குழு வேறு) ஏற்ற 16/18 தீர்மானம் அந்தப் பாதையை விட்டு, மனிதர்களுக்கு எதிரான சகிப்பின்மை, பாகுபாடு, வன்முறைத் தூண்டல் ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. உங்கள் மனு அதன் பிறகும் பழைய பாதையிலேயே நின்றால் அது ஏற்கப்படாது.

இரண்டாம் படி: சம்பவத்தை அன்றே பதிவு செய்தல்

இந்த வேலையில் மிகுந்த நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பதிவு செய்பவர் முதலில் மீறலைச் செய்தவர் யார் என்பதைப் பிரித்தறிய வேண்டும். அரசு அதிகாரி நேரடியாகச் செய்தாரா, தனியாட்கள் செய்தபோது அரசு பார்த்துக்கொண்டிருந்ததா, அல்லது நடந்த பிறகு விசாரிக்க மறுத்ததா? மூன்றுக்கும் அரசே பொறுப்பு; ஆனால் மூன்றுக்கும் தேவைப்படும் சான்றுகள் வேறு வேறு.

2019 செப்டம்பரில் முல்லைத்தீவு நீராவியடிப் பிள்ளையார் ஆலய வளவில், பௌத்த பிக்கு ஒருவரின் உடல் ஆலயக் கேணியருகே தகனம் செய்யப்பட்டது. உடலை வேறிடத்தில் தகனம் செய்ய வேண்டுமென நீதிமன்றம் கட்டளையிட்டிருந்தது. இப்படியொரு சம்பவத்தில் மக்கள் முதலில் எழுத நினைப்பது ஆலயத்தின் தொன்மையையும் மனவேதனையையும்தான். கோப்புக்குத் தேவையானவை வேறு: நீதிமன்றக் கட்டளையின் வழக்கு எண், அது வாசிக்கப்பட்ட நேரம், பொலிஸாருக்கு அறிவிக்கப்பட்ட நேரம், தகனம் தொடங்கிய நேரம், அப்போது அங்கிருந்த பொலிஸாரின் எண்ணிக்கை. கட்டளைக்கும் தகனத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் பொலிஸார் அங்கே இருந்தும் தடுக்கவில்லை என்பதைக் கடிகாரம் காட்டிவிட்டால், வாதம் எதுவும் தேவைப்படாது.

2024 மார்ச் 8, மகா சிவராத்திரி அன்று வவுனியா வடக்கில் வெடுக்குநாறிமலை ஆதிசிவன் ஆலயத்தில் எட்டுப் பேர் கைது செய்யப்பட்டு, மார்ச் 19இல் விடுவிக்கப்பட்டார்கள். இத்தகைய கைதில் கேட்டு எழுத வேண்டிய கேள்விகள்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு கூறப்பட்டது, கைதுக்கான காரணம் எந்த மொழியில் சொல்லப்பட்டது, வழிபாடு தொடர்பாக முன்னர் ஏதேனும் நீதிமன்றக் கட்டளை இருந்ததா, தண்ணீரும் உணவும் தடுக்கப்பட்டனவா, நீதவான் முன் முன்னிலைப்படுத்தப்பட்ட நாள் எது, விடுவிப்பின்போது நீதிமன்றம் பதிவு செய்த காரணம் என்ன. ஒவ்வொரு விடையின் அருகிலும் அதைச் சொன்னவர் நேரில் கண்டாரா, கேட்டு அறிந்தாரா என்பதைக் குறிக்க வேண்டும். கேட்டறிந்ததை விட்டுவிட வேண்டியதில்லை; கேட்டறிந்தது என்று எழுதினால் போதும். இரண்டையும் கலந்து எழுதினால், ஒரு சிறு பிழை கண்டுபிடிக்கப்படும்போது முழுப் பதிவின் நம்பகத்தன்மையும் போய்விடும்.

வசைச் சொற்களைச் சொல்லப்பட்ட மொழியிலேயே, சொல்லப்பட்ட ஒலியிலேயே எழுதுங்கள். சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் 'இழிவாகப் பேசினர்' என்று சுருக்கினால், அது வெறுப்பா வெறும் கோபமா என்பதை எவராலும் தீர்மானிக்க முடியாமல் போகும். கைபேசியில் எடுத்த படத்தின் மூலக் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்ட படத்திலிருந்து எடுத்த நேரமும் இடமும் நீங்கிவிடும். ஆகவே மூலத்தை ஒரு நினைவட்டையில் பிரதி எடுத்து, யாரிடமிருந்து எந்த நாளில் பெறப்பட்டது என்பதைத் தனித்தாளில் குறித்து வைக்க வேண்டும். உடைந்த கண்ணாடியை அருகிலிருந்தும், அதே கட்டடம் முழுவதும் தெரியும்படி தொலைவிலிருந்தும் படமெடுங்கள். அருகிலிருந்து மட்டும் எடுத்த படம் எந்த ஊரிலும் எடுத்திருக்கக்கூடிய படம்.

சுற்றறிக்கை ஒன்றைக் காட்டி வழிபாட்டிடத்தை மூடச் சொன்னால், அதைப் படமெடுக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதன் திகதியையும் தலைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய வழிபாட்டிடங்களைக் கட்டுவது பற்றி 2008 அக்டோபரில் சமய விவகார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கை, ஏற்கெனவே இயங்கிவந்த சிறு சபைகளிடம் பதிவுச் சான்று கேட்பதற்குப் பல ஆண்டுகள் பயன்படுத்தப்பட்டது. ஒரு சுற்றறிக்கை சட்டமாகாது என்பதே அங்கே வாதத்தின் மையம். காட்டப்பட்டது எது என்பது தெரியாவிட்டால் அந்த வாதத்தை எழுப்ப முடியாது.

இங்கே ஒரு கசப்பான குறிப்பு. தம் சமூகத்துக்கு நேர்ந்ததை மட்டும் பதிவு செய்பவரின் கோப்பு நாளடைவில் நம்பகம் இழக்கும். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதே ஆண்டு அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதையும் பேசத் தயங்கும் தமிழர் ஒருவர், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் நடந்த குண்டுத் தாக்குதல்களையோ, அதைத் தொடர்ந்து மே மாதத்தில் முஸ்லிம்களின் கடைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் நேர்ந்ததையோ எழுதும்போது, வாசிப்பவர் எதை நம்புவது என்று தயங்குவார்.

மூன்றாம் படி: ஒப்புதலும் ஆபத்தும்

பாதிக்கப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமல் அவர் பெயரில் எதையும் அனுப்பக் கூடாது. ஒப்புதல் பெறும்போது ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: தகவல் அனுப்பியவரின் அடையாளம் காக்கப்படும், பாதிக்கப்பட்டவரின் பெயரோ அரசுக்கு எழுதப்படும் கடிதத்தில் இடம்பெறலாம், ஏனெனில் யாருக்கு நடந்தது என்று தெரியாமல் அரசு விசாரிக்க முடியாது. பெயரை அரசுக்குத் தெரிவிக்கலாம், ஆனால் பின்னர் வெளியிடப்படும் பிரதியில் மறைக்க வேண்டும் என்றும் கேட்கலாம். படிவத்தில் அதற்கான இடம் உண்டு. சமயம் மாறியவர்களின் விடயத்தில் ஆபத்து பெரும்பாலும் அரசிடமிருந்து வருவதைவிட வீட்டிலிருந்தே வருகிறது. அவர்களிடம் பேசும்போது குடும்பத்தினர் இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒப்புதல் தந்தவர் மறுநாள் மனம் மாறினால், காரணம் கேட்காமல் கோப்பை மூடிவிட வேண்டும்.

நான்காம் படி: வெறுப்புப் பேச்சாக இருந்தால் தனியாக அளத்தல்

உடன்படிக்கையின் 20ஆம் உறுப்புரை, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் சமய வெறுப்புப் பரப்புரையைச் சட்டத்தால் தடை செய்யக் கோருகிறது. எந்தப் பேச்சு அந்த எல்லையைக் கடக்கிறது என்பதை அளக்க, 2012 அக்டோபரில் மொரோக்கோவின் றபாத் நகரில் இறுதி செய்யப்பட்ட செயற்திட்டம் ஆறு அளவுகளைத் தந்தது: சூழல், பேசியவரின் நிலை, நோக்கம், பேச்சின் உள்ளடக்கமும் வடிவமும், பரவலின் அளவு, தீங்கு நேரும் வாய்ப்பு. 2014 ஜூன் 15 அன்று அளுத்கமையில் பொது பல சேனா என்ற கடும்போக்குப் பௌத்த அமைப்பு நடத்திய கூட்டத்தை இவற்றால் அளந்து பாருங்கள். ஏற்கெனவே பதற்றம் நிலவிய ஊர், பின்தொடர்வோரைக் கொண்ட பேச்சாளர், பெரும் கூட்டம், அதன் பிறகு அளுத்கம, தர்கா நகர், பேருவளைப் பகுதிகளில் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டமை ஆகிய ஒவ்வொன்றும் ஓர் அளவை நிரப்புகிறது.

இதற்கு நேரெதிரான எடுத்துக்காட்டும் இலங்கையிலேயே உண்டு. இந்த 20ஆம் உறுப்புரையைத் தழுவி இயற்றப்பட்ட 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவின் கீழ், 2019 மே மாதத்தில் முஸ்லிம் பெண்ணொருவர் கைது செய்யப்பட்டார். அவருடைய ஆடையில் அச்சிடப்பட்டிருந்த கப்பற் சுக்கான் சக்கரத்தைத் தர்மச் சக்கரம் என்று பொலிஸார் கொண்டதே காரணம். ஆறு அளவுகளில் ஒன்றுகூட அங்கே நிரம்பவில்லை. சிறுபான்மையினரைக் காக்க வந்த சட்டம் சிறுபான்மையினர் மீதே திரும்பும் இந்தப் போக்கைக் கண்காணிப்பாளர்கள் மிகக் கூர்ந்து பார்க்கிறார்கள். ஆகவே "கைது செய்யுங்கள்" என்ற கோரிக்கையை எழுதும் முன் ஆறு அளவுகளையும் நீங்களே நிரப்பிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: எந்தக் கதவைத் தட்டுவது

முதற்கதவு, சமயம் அல்லது நம்பிக்கைச் சுதந்திரத்துக்கான ஐ.நா. விசேட அறிக்கையாளர்; தமிழ்நாட்டு ஊடகங்கள் சிறப்பு அறிக்கையாளர் என எழுதுவது இவரைத்தான். 1986இல் 'சமயச் சகிப்பின்மை பற்றிய அறிக்கையாளர்' என்ற பெயரில் உருவான இப்பதவி, 2000இல் இப்போதைய பெயரைப் பெற்றது. பாகிஸ்தானின் அஸ்மா ஜஹாங்கீர், ஜெர்மனியின் ஹைனர் பீலெஃபெல்ட், மாலைத்தீவின் அஹமட் ஷஹீட் ஆகியோரைத் தொடர்ந்து, 2022 முதல் நசிலா கானியா இப்பதவியில் இருக்கிறார். எல்லாருக்கும் பொதுவாகத் திறந்திருக்கும் கதவு இதுவே. நாடு எந்த உடன்படிக்கையை ஏற்றிருக்கிறது என்பது இங்கே தடையாகாது. உள்நாட்டு நீதிமன்றங்களை முடித்துவிட்டு வர வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. மலேசியா குடியியல் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் சேரவில்லை. ஈப்போவைச் சேர்ந்த எம். இந்திரா காந்தி என்ற தமிழ்த் தாயின் மூன்று பிள்ளைகள் 2009இல் தந்தையால் ஒருதலைப்பட்சமாக மதம் மாற்றப்பட்டதை, 2018 ஜனவரியில் அந்நாட்டின் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்றது. அத்தகைய நிலையிலுள்ள ஒருவருக்கு உடன்படிக்கையின் குழு திறக்காது; விசேட அறிக்கையாளர் திறப்பார்.

இரண்டாம் கதவு, மனித உரிமைகள் குழுவிடம் தனிநபர் முறைப்பாடு. இது வழக்குக்கு நெருக்கமானது. நாடு உடன்படிக்கையோடு தனிநபர் முறைப்பாட்டை அனுமதிக்கும் அதன் முதலாம் விருப்புக்குரிய நெறிமுறையையும் ஏற்றிருக்க வேண்டும். உள்நாட்டுப் பரிகாரங்கள் முடிந்திருக்க வேண்டும். முடிந்து ஐந்தாண்டுகளுக்கு மேல் தாமதித்தால் முறைப்பாடு தள்ளப்படலாம். இந்தியா 1979இல் உடன்படிக்கையில் சேர்ந்தது, நெறிமுறையில் சேரவில்லை. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து இந்தக் கதவைத் தட்ட முடியாது. இலங்கை 1997இல் நெறிமுறையில் சேர்ந்தது.

இலங்கையின் அனுபவம் இக்கதவின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டபூர்வமாகக் கூட்டிணைப்பதற்கான சட்டமூலம், அரசியலமைப்புக்கு முரணானது என 2003இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. (இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பதே நாட்டின் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டு வாசகர் குழம்ப வேண்டாம்.) அந்தத் தீர்மானத்தின்போது கன்னியர் தரப்புக் கேட்கப்படவில்லை. அவர்கள் ஜெனீவா சென்றார்கள். 2005 அக்டோபரில் மனித உரிமைகள் குழு, 18ஆம் உறுப்புரையும் சமத்துவம் பற்றிய 26ஆம் உறுப்புரையும் மீறப்பட்டதாகக் கண்டது. அடுத்த ஆண்டே, இதே குழுவிடம் முன்னர் முறையிட்டிருந்த நல்லரத்தினம் சிங்கராசா என்பவரின் வழக்கில், நெறிமுறையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரணானது, உள்நாட்டில் அதற்கு விளைவில்லை என உயர் நீதிமன்றம் தீர்த்தது. எனவே இக்கதவால் கிடைப்பது ஒரு சர்வதேசத் தீர்ப்புரை. கொழும்பில் அதை நடைமுறைப்படுத்தும் நீதிமன்றம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே தட்ட வேண்டும். என் கருத்தில், ஒற்றைச் சம்பவத்துக்கு முதற்கதவே ஏற்றது. நிறுவன உரிமை, சட்டமூலம், பதிவு மறுப்பு போன்ற நிலைத்த பிரச்சினைகளுக்கு இரண்டாவதன் நீண்ட காத்திருப்புப் பயனுள்ளது.

மூன்றாவது, உலகளாவிய காலாந்தர மீளாய்வு. ஏறத்தாழ நாலரை ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாடும் பிற நாடுகளின் கேள்விகளுக்கு உட்படுகிறது. இலங்கை அண்மையில் 2023இலும் இந்தியா 2022இலும் உட்பட்டன. ஓர் அமைப்பு தனியே அனுப்பினால் 2,815 சொற்கள், பல அமைப்புகள் சேர்ந்து அனுப்பினால் 5,630 சொற்கள் என வரம்பு உண்டு. தனிச் சம்பவத்துக்கு இது ஏற்றதல்ல. நான்காண்டுகளின் போக்கைக் காட்டுவதற்கு ஏற்றது.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் தமிழரின் ஆலயமோ தேவாலயமோ தாக்கப்பட்டால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் 57 நாடுகளில் நடக்கும் வெறுப்புக் குற்றங்களை, வார்சாவிலுள்ள அதன் மனித உரிமைகள் அலுவலகம் ஆண்டுதோறும் தொகுத்து நவம்பர் 16இல் வெளியிடுகிறது. குடிசார் அமைப்புகள் தரும் பதிவுகளையும் அது ஏற்கிறது.

ஆறாம் படி: முன்னர் எழுதப்பட்டதைப் படித்தல்

கடிதம் எழுதும் முன், உங்கள் நாட்டைப் பற்றி ஏற்கெனவே பதிவானதைப் படியுங்கள். அஸ்மா ஜஹாங்கீர் 2005 மே மாதத்தில் இலங்கைக்கும் 2008 மார்ச்சில் இந்தியாவுக்கும் வந்தார். முதலாவது அறிக்கையில், மதமாற்றத்தைத் தடுக்க அப்போது முன்வைக்கப்பட்டிருந்த சட்டமூலங்களைப் பற்றி எச்சரித்தார். இரண்டாவதில் இந்திய மாநிலங்களின் மதமாற்றத் தடைச் சட்டங்களோடு, பட்டியல் சாதித் தகுதி சமயத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதையும் எடுத்துக்காட்டினார். தமிழ்நாட்டின் தலித் கிறிஸ்தவர்கள், அந்தத் தகுதியை வரையறுத்த 1950ஆம் ஆண்டின் ஆணையை எதிர்த்துப் பேசிவரும் விடயம் அதுதான். அஹமட் ஷஹீட் 2019 ஆகஸ்டில், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு நான்கு மாதங்கள் கழித்து, இலங்கைக்கு வந்தார். உங்கள் சம்பவம் இந்த அறிக்கைகளின் ஒரு பரிந்துரையோடு தொடர்புபட்டால், பந்தி எண்ணைச் சுட்டி "அப்போது பரிந்துரைத்தது இன்னும் நிறைவேறவில்லை" என்று எழுதலாம். அது பத்துப் பக்க வரலாற்றை விட வலுவானது.

வேறு வகை அறிக்கைகளும் செய்தித்தாள்களில் அடிபடுகின்றன. அவற்றின் தன்மையைப் பிரித்தறிய வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆண்டறிக்கையும், சர்வதேசச் சமயச் சுதந்திரத்துக்கான அமெரிக்க ஆணையத்தின் அறிக்கையும் 1998ஆம் ஆண்டின் சட்டமொன்றிலிருந்து பிறந்தவை. ஆணையம் பரிந்துரைக்கும், முடிவெடுப்பது வெளியுறவுத் துறை. 2020 முதல் இந்தியாவைக் 'குறிப்பாகக் கவலைக்குரிய நாடு' எனப் பட்டியலிட ஆணையம் தொடர்ந்து பரிந்துரைத்தும் வெளியுறவுத் துறை 2024 வரை ஏற்கவில்லை என்பதே, இந்தக் கண்காணிப்பில் வெளியுறவு நலன் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக் காட்டும். அவற்றின் தகவல்கள் பெரும்பாலும் பயனுள்ளவை. அவற்றின் பட்டியல் அரசியல் முடிவு.

பியூ ஆய்வு மையம் 198 நாடுகளை 2007 முதல் இரு சுட்டெண்களால் அளந்துவருகிறது: அரசின் கட்டுப்பாடுகள் ஒன்று, சமூகப் பகைமை மற்றொன்று, இரண்டும் 0 முதல் 10 வரை. சீனாவின் அரசுக் கட்டுப்பாட்டு எண் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று, சமூகப் பகைமை எண்ணோ தாழ்வானது. தெருவில் அமைதி இருப்பதால் சுதந்திரம் இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது என்பதை இந்த ஒரு வரிசையிலேயே கற்றுக்கொள்ளலாம். இந்த மையம் உங்கள் முறைப்பாட்டைப் பெறாது. அது அளவிடும் நிறுவனம் மட்டுமே.

ஏழாம் படி: கடிதமும் உள்நாட்டு வழியும்

விசேட அறிக்கையாளருக்கான தகவலை ஐ.நா.வின் இணையப் படிவத்தில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகியவற்றுள் ஒன்றில் அனுப்ப வேண்டும். தமிழ் வாக்குமூலத்தை மொழிபெயர்த்து, மூலத்தையும் இணைக்கலாம். முதற்பந்தியில் நாள், இடம், நபர், செயல். அடுத்து நேர வரிசையில் நடந்தவை. பிறகு பொலிஸ் முறைப்பாட்டின் எண்ணும் அதற்குக் கிடைத்த மறுமொழியும். இறுதியில் மூன்று நிபந்தனைகளில் எது மீறப்பட்டது என்ற உங்கள் ஒரே வாக்கியம். செய்தித்தாள் வெட்டுகளை மட்டும் அடிப்படையாகக் கொண்ட தகவல் ஏற்கப்படாது. வசைமொழியும் கட்சி அரசியலும் கலந்திருந்தாலும் அதே முடிவுதான். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருந்தால் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். அப்போது அது அவசர வேண்டுகோளாகக் கையாளப்படும். ஒரே சம்பவம் சுகாதாரம், சிறுபான்மையினர், ஒன்றுகூடும் உரிமை ஆகியவற்றையும் தொட்டால் அந்தந்தத் துறையின் அறிக்கையாளர்களையும் படிவத்தில் தேர்ந்தெடுங்கள். பலர் சேர்ந்து கையொப்பமிடும் கடிதத்தை அரசுகள் எளிதில் ஒதுக்குவதில்லை.

ஜெனீவாவுக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்நாட்டுக் காலக்கெடு ஓடிவிடக் கூடாது. இலங்கையில் அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தரும் இந்தச் சலுகை, வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றவருக்குப் பெரும் உதவி.

எட்டாம் படி: அனுப்பிய பிறகு

கடிதம் அரசுக்குச் சென்றால் பதிலளிக்க வழக்கமாக 60 நாட்கள் தரப்படும். அதன் பிறகு கடிதமும், வந்திருந்தால் பதிலும், பொதுவில் வெளியிடப்படும். எல்லாத் தகவலும் கடிதமாவதில்லை. கடிதமானவையும் உடனே எதையும் மாற்றுவதில்லை. ஜனாஸா எரிப்புக் கோப்பின் நாட்காட்டியைப் பாருங்கள். 2020 ஏப்ரலிலேயே விசேட அறிக்கையாளர்கள் உள்ளிட்ட ஐ.நா. நிபுணர்கள் அரசுக்கு எழுதிவிட்டார்கள். டிசம்பர் 1 அன்று உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கு ஏற்காமல் தள்ளியது. அதே மாதம் பிறந்து 20 நாளான குழந்தையின் உடல் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட, பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 ஜனவரி 25இல் நிபுணர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். மனித உரிமைகள் பேரவையின் கூட்டத்தொடர் தொடங்கிய அதே வாரத்தில், பாகிஸ்தான் பிரதமர் கொழும்புக்கு வந்து சென்ற மறுநாளான பெப்ரவரி 25இல், அடக்கத்தை அனுமதிக்கும் வர்த்தமானி வெளியானது. எது மாற்றியது என்று கேட்டால் ஒற்றை விடை இல்லை. ஆனால் பேரவையில் பேசியவர்களின் கையில் பத்து மாத ஆவணங்கள் இருந்தன. அதன் பிறகும் அடக்கத்துக்கு முதலில் கூறப்பட்ட இடம் இரணைதீவு. தீவு மக்களின் எதிர்ப்புக்குப் பின் ஓட்டமாவடியில் மார்ச் 5இல் முதல் அடக்கம் நடந்தது. அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது 2024 ஜூலையில்.

ஆகவே கோப்பை மூடாதீர்கள். நிலைமை மோசமானாலும் சீரானாலும் அதைத் தெரிவியுங்கள்; பிரச்சினை தீர்ந்ததை மறைத்தவரின் அடுத்த தகவல் ஐயத்தோடு படிக்கப்படும். தகவல் கொடுத்தவர் மிரட்டப்பட்டால், அதைத் தனிச் சம்பவமாகப் பதிவு செய்து உடனே அனுப்ப வேண்டும், ஐ.நா.வோடு ஒத்துழைத்தவர்கள் மீதான பழிவாங்கல் ஆண்டுதோறும் தனி அறிக்கையாகவே தொகுக்கப்படுகிறது. அரசின் பதில் வெளியானால், அதன் ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே உங்கள் பதிவிலுள்ள ஆவணத்தின் எண்ணை எழுதிப் பாருங்கள். முரண்படும் இடங்களை மட்டும் இரண்டு பக்கத்துக்குள் மறுமொழியாக எழுதி, முதற்கடிதத்தின் குறிப்பு எண்ணை மேலே இட்டு அனுப்புங்கள்.